பெனிசிலின் ஊசி: டியூட்டி அறையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அதற்கு முன் சில வருடம் ஏற்காடு மலைமேல் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை. புதிதாக டியூட்டிக்கு வரும் பிள்ளைகளும் சரி, நோயாளி வீட்டாரும் சரி, பெனிசிலின் என்று வந்தால் சுற்றிச் சுற்றி அதே பத்துப் பதினைந்து கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் நின்றுகொண்டே அரைகுறையாகப் பதில் சொல்வதற்கு ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். டோஸை முடிவு செய்வது டாக்டர்தான். உங்கள் ஆஸ்பத்திரியில் எழுதி வைத்திருக்கும் முறை நான் சொல்வதிலிருந்து வேறாக இருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

பெனிசிலின் என்றாலே ஏன் எல்லோரும் இவ்வளவு பயப்படுகிறார்கள்?

ஊரில் யாராவது ஒருவர் ஊசி போட்டதும் விழுந்த கதை ஒன்று இருக்கும், அதுதான் காரணம். கதை பொய் என்று சொல்லவில்லை. பெனிசிலின் போடுகிற 10,000 பேரில் ஒன்றிலிருந்து ஐந்து பேர் வரை அனஃபிலாக்சிஸ் என்ற கடுமையான ஒவ்வாமைக்குப் போகலாம் என்பது கணக்கு. அபூர்வம்தான், ஆனால் வந்தால் சில நிமிடத்தில் வந்துவிடும். 1928-ல் ஃபிளெமிங் கண்டுபிடித்த மருந்து, இத்தனை வருடம் கழித்தும் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கும் ருமாட்டிக் காய்ச்சலுக்கும் இதைத் தாண்டி ஒன்று வரவில்லை. பயந்து விட்டுவிட முடியாது.

எந்த மருந்தெல்லாம் பெனிசிலின் வகை?

பெயரில் "சிலின்" என்று முடிந்தால் பெரும்பாலும் இந்தக் குடும்பம்: ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளாக்சசிலின், பைப்பராசிலின். சிக்கல் பிராண்ட் பெயரில்தான். ஆக்மென்டின் என்ற பெயரில் சிலின் எங்கே இருக்கிறது? பிப்டாஸ், பெனிடியூர் எல்லாமும் அப்படித்தான். கேஸ் ஷீட்டின் மேலே சிவப்பு மையில் "பெனிசிலின் அலர்ஜி" என்று எழுதிவிட்டு, கீழே அதே தாளில் ஆக்மென்டின் 1.2 கிராம் என்று எழுதியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன், மருந்தைக் கரைத்துக் கையில் எடுத்துக்கொண்டு போன பிள்ளை கடைசி நொடியில் "சிஸ்டர், இதுவும் அதுதானே?" என்று கேட்டதால் தப்பித்தோம். எழுதிய டாக்டர் தூங்காமல் இரண்டாவது ராத்திரி. யாரையும் குறை சொல்லவில்லை, வயல் என்கிற மருந்துக் குப்பியைத் திருப்பி உள்ளே என்ன மருந்து என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதைப் படியுங்கள்.

அலர்ஜி இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் "இல்லீங்க" என்கிறார்கள். வேறு எப்படிக் கேட்பது?

"அலர்ஜி இருக்கா?" என்று மட்டும் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். நம் ஆட்களுக்கு அலர்ஜி என்றால் கத்திரிக்காய், கருவாடு, தூசி. ஊசியால் வந்ததை அவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். "எந்த மாத்திரையாவது ஊசியாவது உங்களுக்கு ஒத்துக்காம போயிருக்கா? தடிப்பு, அரிப்பு, முகம் வீங்கினது, மூச்சு அடைச்சது, மயங்கினது, எதுனாச்சும்?" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அம்மாப்பேட்டைப் பக்கம் தறி ஓட்டும் ஒரு அம்மாவிடம் நான் மூன்று விதமாகக் கேட்டும் ஒன்றுமில்லை என்றார். கூட வந்திருந்த ஆயாதான், "ஏம் புள்ள, உனக்கு வயசுக்கு வந்த வருசம் தொண்டைக்கு ஊசி போட்டு உடம்பெல்லாம் வட்ட வட்டமா தடிச்சுதே" என்று எடுத்துக் கொடுத்தார். அதனால் கூட வந்தவரையும் கேட்க வேண்டும்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதோடு விட்டுவிடவும் கூடாது. என்ன ஆனது, ஊசி போட்டு எவ்வளவு நேரத்தில் ஆனது, எத்தனை வருடம் முன்பு, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்களா, அதற்குப் பிறகு எப்போதாவது அமாக்சிசிலின் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்ததா? கடைசிக் கேள்விதான் தங்கம், பலர் பல் வலிக்கு மெடிக்கலில் வாங்கி விழுங்கியிருப்பார்கள், அது அதே குடும்பம் என்று தெரியாது. மாத்திரை சாப்பிட்டதும் வயிற்றைப் பிரட்டியது, பேதி போனது, "சூடு பிடிச்சது" என்பதெல்லாம் பக்கவிளைவு, அலர்ஜி கிடையாது. பெனிசிலின் அலர்ஜி என்று சொல்பவர்களை முறையாகச் சோதித்துப் பார்த்தால் 10-ல் 9 பேருக்கு உண்மையில் அலர்ஜி இருப்பதில்லை என்பது பல நாடுகளில் பார்த்த விஷயம். நிஜமாகவே இருந்தவர்களிலும் 10 வருடம் போனால் பெரும்பாலானோருக்கு அது போய்விடும். அப்படியென்றால் நாமே "பரவாயில்லை" என்று போட்டுவிடலாமா? கூடாது. கேட்டதை அப்படியே எழுதி டாக்டர் கையில் கொடுங்கள், முடிவு அவருடையது.

ஒரு விஷயத்தில் மட்டும் விவாதமே கிடையாது: முன்பு இந்த மருந்தால் தோல் கொப்பளித்து உரிந்து, வாய் கண் எல்லாம் புண்ணாகி இருந்திருந்தால், துளி மருந்து போட்டுப் பார்க்கிற டெஸ்ட் டோஸ்கூட வேண்டாம், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை. இனி பயமில்லைதானே?

இந்த நினைப்புதான் என்னைப் பயமுறுத்துகிறது. டெஸ்ட் டோஸில் ஒன்றும் ஆகவில்லை என்றால் ஆபத்து குறைவு, அவ்வளவுதான். முழு டோஸில் ரியாக்‌ஷன் வந்தவர்கள் இருக்கிறார்கள். முறையான பெனிசிலின் தோல் பரிசோதனைக்கு மருந்து உடைந்து உருவாகும் பொருட்களுக்கென்று தனிப் பரிசோதனை மருந்து (ரீஏஜென்ட்) வேண்டும், கூடவே ஹிஸ்டமின் ஒரு பக்கம், வெறும் சலைன் ஒரு பக்கம் போட்டு ஒப்பிட வேண்டும். நம் வார்டில் நடப்பது அதில் கால்வாசி.

சரி, டாக்டர் ஏ.டி.டி., அதாவது டெஸ்ட் டோஸ் பார்த்த பிறகு போடு என்று எழுதிவிட்டார், செய்தாக வேண்டும், அதையாவது ஒழுங்காகச் செய்வோம். 10 லட்சம் யூனிட் கிரிஸ்டலின் பெனிசிலின் (தெளிவாகக் கரையும் வகை) வயலை 10 மி.லி.யில் கரைத்தால் ஒரு மி.லி.க்கு 1 லட்சம். அதில் 1 மி.லி. எடுத்து மறுபடி 10 மி.லி. ஆக்கினால் ஒரு மி.லி.க்கு 10,000 யூனிட். இதில் 0.02-லிருந்து 0.05 மி.லி. வரை முன்கையின் உட்புறம் தோலுக்குள். பக்கத்தில் அதே அளவு சலைன். சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, நேரம் எழுதி, 15-20 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். மருந்து போட்ட இடத்துத் தடிப்பு, சலைன் போட்ட இடத்தைவிட 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். முன்பு பெரிய ரியாக்‌ஷன் வந்த ஆளுக்கு இதைக்கூட டாக்டர் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள், அந்தத் துளியே போதும்.

பலர் செய்யும் தப்பு இரண்டு. ஒன்று, கரைத்த மருந்தை அப்படியே நீர்க்காமல் போடுவது. அது யாருக்குப் போட்டாலும் சிவக்கும், வீணாக ஒருவருக்கு ஆயுள் முழுக்க "அலர்ஜி" பட்டம் கட்டிவிடுவோம். இன்னொன்று, பாலாக இருக்கும் பெனிடியூரையே தோலுக்குள் போட்டுப் பார்ப்பது. பரிசோதனைக்குக் கிரிஸ்டலின்தான். அப்புறம், ஆள் நேற்றுவரை சளிக்கு செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை சாப்பிட்டிருந்தால் கை சிவக்கவே சிவக்காது, அதை நம்பாதீர்கள்.

பெனிசிலின் ஒத்துக்காதவருக்கு செஃப்ட்ரியாக்சோன் போடலாமா?

செஃப்ட்ரியாக்சோன் பெனிசிலினுக்கு உறவான செஃபலோஸ்போரின் வகை. பழைய புத்தகத்தில் 10 சதவீதம் பேருக்கு இதுவும் ஒத்துக்காது என்று இருக்கும். இப்போதைய கணக்கு 2 சதவீதம் அளவுதான். ஆனால் அதே வகையில் செஃபலெக்சின், செஃபக்ளோர் இரண்டும் மூலக்கூறு அமைப்பில் ஆம்பிசிலினுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி, அதில் கவனம் கூடுதலாக வேண்டும். பழைய ரியாக்‌ஷன் உயிர்போகும் அளவுக்கு வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் கை வைக்காதீர்கள்.

பெனிடியூர் போடும்போது பாதியிலேயே ஊசி அடைத்துக்கொள்கிறது. என்ன செய்வது?

புதுப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது. பெனிடியூரில் இருக்கும் பென்சாத்தின் பெனிசிலின் தண்ணீர் போல் கரையாது, துகள் துகளாகப் பாலில் மிதக்கிற மருந்து. 23 கேஜ் மெல்லிய ஊசியைப் போட்டால் அடைக்கத்தான் செய்யும், அதைவிடத் தடிமனான 21 கேஜ் எடுங்கள். லேபிளில் சொன்ன அளவு டிஸ்டில்டு வாட்டர் விட்டு, நுரை வராமல் உருட்டிக் கலக்கி, சிரிஞ்சில் இழுத்ததும் ஊசியை மாற்றிக்கொண்டு, ஆளைப் படுக்க வைத்துத் தாமதிக்காமல் போட வேண்டும். எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டு, பிறகு "படுங்க, சேலையைக் கொஞ்சம் இறக்குங்க" என்று ஐந்து நிமிடம் போனால் மருந்து அடியில் தங்கிவிடும். முதலில் ஆளைத் தயார் செய்யுங்கள், அப்புறம் மருந்தை.

போடுவது சீராக, மெதுவாக, இரண்டு மூன்று நிமிடம். நடுவில் நிறுத்தினால் அடைக்கும், அவசரமாகத் தள்ளினால் பிள்ளை துடிக்கும். வலிக்கிற ஊசி இது, மறைக்க வேண்டாம். மருந்தைக் கையில் கொஞ்ச நேரம் வைத்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவருவது, ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்துவது, குத்துவதற்கு முன் அந்த இடத்தைக் கட்டைவிரலால் 10 விநாடி அழுத்துவது, இந்த மூன்றும் வலியைக் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைக்கும். டாக்டர் எழுதினால் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் கலந்தும் போடலாம்.

இடம்: பெரியவர்களுக்கு இடுப்பின் பக்கவாட்டுத் தசை, அல்லது புட்டத்தை நான்காகப் பிரித்தால் மேலே வெளிப்பக்கம் இருக்கும் பகுதி. கொஞ்சம் உள்ளே கீழே வந்தால் சையாட்டிக் நரம்பு, கால் இழுத்துக்கொள்ளும். இரண்டு வயதுக்குக் கீழே தொடையின் முன்-வெளிப்பக்கம். கையில் போடக் கூடாது.

இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி அலமாரியில் ஒட்டுங்கள்: பெனிடியூர் ரத்தக் குழாயில் போகவே கூடாது. அந்தத் துகள் ரத்தத்தில் போனால் இதயம் நின்றுவிடலாம். தசையில் குத்தியதும் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள், ரத்தம் வந்தால் எடுத்துவிட்டு மருந்தையும் தூக்கிப் போட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். விலை போனால் போகட்டும்.

இந்த ஊசியை 21 நாளுக்கு ஒருமுறை வருடக்கணக்கில் போடச் சொல்கிறார்கள். என் பிள்ளை நன்றாகத்தானே ஓடுகிறாள்?

ஏற்காட்டில் இந்தக் கேள்விதான் அதிகம். நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா, காபித் தோட்டத்தில் வேலை, மகளுக்குப் பதினோரு வயதில் மூட்டு வீங்கி ருமாட்டிக் காய்ச்சல் என்று தெரிந்து, வால்வும் கொஞ்சம் பாதிப்பு. நடை நன்றாக இருக்கிறது, ஓட்டம் நன்றாக இருக்கிறது, பிறகு எதற்கு ஊசி என்று அவருக்கு. நான் சொன்னது இது: தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை உடம்பு எதிர்க்கும்போது அந்த எதிர்ப்பு தவறிப் போய் இதய வால்வையே தாக்குகிறது. அந்தக் கிருமியால் மறுபடி தொண்டை வலி வரும்போதெல்லாம் வால்வு இன்னும் கொஞ்சம் கெடலாம். ஊசி இப்போது இருக்கிற நோயை ஆற்ற அல்ல, அடுத்த தொண்டை வலி வராமல் காவல் இருக்க. அந்தக் காவல் மூன்று வாரத்தில் மெலிந்துவிடும். வால்வு பாதித்திருந்தால் 10 வருடம் அல்லது 40 வயது, இதில் எது பின்னால் வருகிறதோ அதுவரை, சிலருக்கு ஆயுள் முழுக்க. பிள்ளை 27 கிலோவுக்குக் கீழே என்றால் 6 லட்சம் யூனிட், மேலே 12 லட்சம்.

அவர் தலையாட்டிவிட்டு, "அப்ப 21 நாளைக்கு எந்தக் கெழமை வருதுன்னு எழுதிக் குடுங்க" என்றார். 21 நாள் என்றால் எப்போதும் அதே கிழமைதான் வரும், அதுதான் அதன் அழகு. சந்தைக்கு இறங்குகிற கிழமையாகப் பார்த்து வைத்துக்கொண்டோம், நான் அங்கிருந்தவரை ஒன்றிரண்டு தடவைதான் தவறியது.

ஒரு கூடுதல் விஷயம். வால்வு மிக மோசமாகி மூச்சு வாங்குகிற நோயாளிகள் இந்த ஊசி போட்டதும் சரிந்து போனதுண்டு. அதில் எல்லாமே அலர்ஜி அல்ல, வலியிலும் பயத்திலும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, பலவீனமான இதயம் அதைத் தாங்காமல் போவதும் உண்டு என்று அமெரிக்க இதய சங்கம் 2022-ல் எச்சரித்தது. அப்படிப்பட்டவருக்கு மாத்திரையாகக் கொடுப்பது பற்றி டாக்டர் யோசிப்பார். நம் பங்குக்கு, வெறும் வயிற்றோடு வந்தவருக்கு முதலில் சாப்பாடு, தண்ணீர், அப்புறம் படுக்க வைத்து ஊசி.

10 லட்சம், 1 மெகா, 1 மில்லியன்: எல்லாம் ஒன்றா?

ஒன்றேதான். கிட்டத்தட்ட 600 மி.கி. ஆர்டரில் யூனிட் என்பதற்கு ஒற்றை ஆங்கில எழுத்தைப் போட்டால் அது பூஜ்யம் மாதிரித் தெரிந்து டோஸ் பத்து மடங்காகிவிடும், முழுசாக எழுதச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

கிரிஸ்டலின் பெனிசிலினில் இன்னொரு சங்கதி, அது பொட்டாசியம் உப்பா சோடியம் உப்பா என்று வயலில் பாருங்கள். பொட்டாசியம் உப்பு என்றால் 10 லட்சம் யூனிட்டுக்குச் சுமார் 1.7 மில்லி ஈக்விவலண்ட் பொட்டாசியம் உள்ளே போகிறது. இதய உள்ளுறைத் தொற்றுக்கு ஒரு நாளில் 2 கோடியே 40 லட்சம் யூனிட் போகிற ஆளுக்கு மருந்தோடு சேர்ந்து 40-க்கு மேல் பொட்டாசியம் போகிறது, யாரும் தனியாக எழுதவில்லை, ஆனாலும் போகிறது. சிறுநீரகம் சரியில்லாதவருக்கு அது இதயத்துடிப்பைக் கலைக்கும், மருந்தே உடம்பில் தேங்கினால் வலிப்பும் வரும். ஆகவே யூரின் எவ்வளவு போகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குழப்பமாகப் பேசுகிறார், கை வெடுக் வெடுக்கென்று இழுக்கிறது என்றால் அடுத்த டோஸை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஆம்பிசிலினையும் ஜென்டாமைசினையும் ஒரே சிரிஞ்சில் போட்டால் குழந்தைக்கு ஒரு குத்து மிச்சம்தானே?

கூடாது. இரண்டும் கலந்தால் பெனிசிலின் ஜென்டாமைசினைச் செயலிழக்க வைத்துவிடும், குழந்தைக்குக் குத்து மிச்சம், மருந்தும் இல்லை. ஒன்று போட்டு, சலைன் விட்டு, நரம்பில் செருகியிருக்கும் கேனுலா குழாயைக் கழுவி, அப்புறம் மற்றது. ஆம்பிசிலினைக் காலையில் கரைத்து மதியத்துக்கும் வைத்துக்கொள்வதும் வேண்டாம், கரைத்து ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டிய மருந்து. ஒரு கிராம் என்றால் 10-15 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், சர்ரென்று தள்ளினால் வலிப்பு வரலாம்.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறீர்கள். பஸ் போய்விடுமே?

மலையில் என் பெரிய சண்டை எல்லாம் இதற்காகத்தான். கிராமத்துக்குப் போகும் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போதோ. ஊசி போட்டதும் ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். அனஃபிலாக்சிஸ் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் வருகிறது. அது பஸ்ஸில், ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் வந்தால்? கீழே அடிவாரத்துக்கு 20 வளைவு, யாரிடம் என்ன மருந்து இருக்கும்?

கடைசியில் நான் கண்டுபிடித்த வழி, சீட்டைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது. பஸ் நேரத்தை முதலிலேயே கேட்டு, அதற்கு முக்கால் மணி நேரம் முன்பு ஊசி போட முடிந்தால் போடுவேன், முடியாவிட்டால் "பஸ் போனப்புறம் போடுறேன், சாயந்தரம் பஸ்ஸுக்குப் போங்க" என்று சொல்லிவிடுவேன். திட்டு வாங்கியிருக்கிறேன். கீழே சேலம் ஓ.பி.யில் கூட்டம்தான் சண்டை, பெஞ்சு காலியாக வேண்டும் என்று நாமே அனுப்பிவிடுகிறோம். நம் கண் படும் இடத்தில் உட்கார வைக்க வேண்டும், டீக்கடை கணக்கில் வராது.

ரியாக்‌ஷன் வந்தால் முதலில் என்ன?

அட்ரினலின். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நம் ஊரில் கை தன்னால் அவில் என்ற அலர்ஜி ஊசிக்கும் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டுக்கும்தான் போகிறது, பழக்கம். அவில் அரிப்பைக் குறைக்கும், அடைக்கிற தொண்டையைத் திறக்காது, விழுகிற பி.பி.யை ஏற்றாது. ஹைட்ரோகார்டிசோன் வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்காகும். இரண்டையும் தேடி உடைத்துப் போடுகிற அந்த ஐந்து நிமிடம்தான் போய்விடுகிறது.

பெரியவருக்கு 1 மி.லி.யில் 1 மி.கி. இருக்கிற ஆம்பூலில் பாதி, அதாவது 0.5 மி.லி., தொடையின் நடுவில் வெளிப்பக்கம், தசையில். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மி.லி., 10 கிலோ என்றால் 0.1 மி.லி., 20 கிலோ என்றால் 0.2 மி.லி. தோலுக்கடியில் வேண்டாம், நாமாக நரம்பில் போடவே வேண்டாம். ஐந்து நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொன்று. ஒரு ஆள் ஊசி போடும்போதே இன்னொருவர் டாக்டரைக் கூப்பிட வேண்டும், வெளி கிளினிக் என்றால் 108. நரம்பில் பெனிசிலின் ஓடிக்கொண்டிருந்தால் அதை உடனே நிறுத்துங்கள், கேனுலாவை மட்டும் பிடுங்காதீர்கள், சலைன் ஓட அது வேண்டும். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வைக்கலாம், கர்ப்பிணி என்றால் இடது பக்கம் ஒருக்களித்து. எக்காரணம் கொண்டும் எழுப்பி நடக்க விடாதீர்கள், "பாத்ரூம் போகணும்" என்று எழுந்து நின்றதும் விழுந்து போனவர்கள் உண்டு. ஆக்சிஜன், சலைன் வேகமாக. சரியான பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம், அதனால் அன்றே வீட்டுக்கு அனுப்புவதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், அட்ரினலின் பூட்டிய அலமாரியில் இருந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். பூட்டை உடைத்துத்தான் எடுத்தோம். அந்தப் பெண் பிழைத்தாள், பூட்டை உடைத்ததற்கு என்னிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன், இன்னொரு தடவையும் உடைப்பேன் என்று சேர்த்து.

வெறும் மயக்கமா ரியாக்‌ஷனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊசியைப் பார்த்த பயத்தில் வருகிற மயக்கம் குத்தும்போதோ உடனேயோ வரும், முகம் வெளுக்கும், வியர்க்கும், நாடி மெதுவாக இருக்கும், படுக்க வைத்தால் ஓரிரு நிமிடத்தில் தெளியும். ரியாக்‌ஷனில் நாடி பறக்கும், உள்ளங்கை அரிக்கும், தடிப்பு, உதடு வீக்கம், குரல் கரகரப்பு, இழுப்பு, வயிற்றுவலி, வாந்தி. சிலர் "எனக்கு என்னமோ ஆகப் போவுதுங்க சிஸ்டர்" என்பார்கள், அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். தடிப்பே இல்லாமலும் வரும். மூச்சோ பி.பி.யோ கெட்டு, இதுவா அதுவா என்று தெரியவில்லையென்றால் அட்ரினலின் போட்டுவிடுங்கள், தசையில் சரியான டோஸ் போய்விட்டால் படபடப்பு வரும், கை நடுங்கும், அடங்கிவிடும்.

கர்ப்பிணிக்கு சிஃபிலிஸ் என்று பெனிசிலின் போட்டோம், ராத்திரி குளிர்காய்ச்சல். அலர்ஜியா?

பெரும்பாலும் இல்லை. கிருமி மொத்தமாகச் சாகும்போது சில மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், உடம்புவலி வரும், ஒரு நாளுக்குள் அடங்கும். யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் என்று வாயில் நுழையாத பெயர். கர்ப்பிணிக்கு இதனால் வயிறு இறுகி வலி வரலாம், குழந்தை அசைவு குறையலாம், அப்போது உடனே வரச் சொல்லி முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். 24 லட்சம் யூனிட்டை இரண்டு பக்கமும் 12, 12-ஆகப் பிரித்துத்தான் போடுவோம். கர்ப்பத்தில் சிஃபிலிஸுக்கு இதற்கு மாற்று கிடையாது, அலர்ஜி இருந்தாலும் ஆஸ்பத்திரியில் சேர்த்துத் துளித்துளியாகப் பழக்கி இதையேதான் கொடுப்பார்கள். எதற்கு ஊசி என்று மாமியார் கேட்டால் "டாக்டர் எழுதிருக்காங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு அமாக்சிசிலின் சிரப் எப்படிக் கலக்குவது?

கொதித்து ஆறிய தண்ணீர். பாட்டிலை முதலில் தட்டிப் பொடியை உதிர்த்து, பாதி விட்டுக் குலுக்கி, அப்புறம் கோடு வரை. நுரை அடங்கியதும் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம். மூடியோடு வருகிற அளவுக் குப்பியில் கொடுங்கள், வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒரு அளவு. ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும், இல்லையென்றால் முதல் நாள் தண்ணீர், கடைசி நாள் மருந்து. ஆக்மென்டின் மாதிரி கிளாவுலனேட் சேர்ந்த சிரப்பை ஃபிரிஜ்ஜில் வைத்து 7 நாளில் முடிக்க வேண்டும், மீதியைக் கொட்டிவிடுங்கள். வீட்டில் ஃபிரிஜ் இல்லை என்றால் அதை முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு ஏற்பாடு செய்வார். சித்திரை மாதச் சேலத்தில் ஓட்டு வீட்டு அலமாரியில் அந்த மருந்து தாங்காது.

சாப்பாட்டுக்கு முன்னா பின்னா?

அமாக்சிசிலின் எப்படியும். கிளாவுலனேட் சேர்ந்தது சாப்பிட ஆரம்பிக்கும்போது. கிளாக்சசிலின் மட்டும் வெறும் வயிற்றில், ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ.

பேதி போகிறது, மோர் குடிக்கலாமா?

தாராளமாக. ஆனால் தண்ணியாக நிற்காமல் போனால், ரத்தமோ சளியோ வந்தால், காய்ச்சல் சேர்ந்தால் மோரோடு வீட்டில் இருக்காமல் வர வேண்டும், மருந்து நின்று சில வாரம் கழித்து வந்தாலும்தான்.

பால் கொடுக்கும் அம்மாவுக்கு?

போடலாம். குழந்தைக்குப் பேதியோ வாயில் வெள்ளைப் படலமோ வருகிறதா என்று பார்த்தால் போதும்.

வேறு மாத்திரை சாப்பிடுபவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் வாரம் ஒருமுறை சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட். பெனிசிலின் சேர்ந்தால் அது உடம்பை விட்டு வெளியே போகாமல் தேங்கும், டாக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு, ரத்தம் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ஏறலாம். வால்வு மாற்றியவர்கள் பலர் வார்ஃபரினிலும் பெனிடியூரிலும் ஒரே நேரத்தில் இருப்பார்கள், ரத்தம் மெலிந்திருக்கும்போது தசையில் பெரிய ஊசி குத்தினால் உள்ளே ரத்தம் கட்டும், போடுவதற்கு முன் கடைசி ஐ.என்.ஆர். எவ்வளவு என்று சீட்டில் பாருங்கள்.

மலைக்கும் கிராமத்துக்கும் முகாம் போகும்போது என்ன எடுத்துப் போவது?

பெனிசிலின் பெட்டியை எடுத்தால் அட்ரினலின் பெட்டியையும் எடுக்க வேண்டும், தனித்தனியாக அது நகரவே கூடாது என்று எங்களிடம் ஒரு பழக்கம். உள்ளே அட்ரினலின் மூன்று ஆம்பூல், 1 மி.லி. சிரிஞ்ச், ஒரு அங்குல ஊசி, பி.பி. கருவி, கேனுலா, சலைன், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை, எடைக்கு ஏற்ற டோஸ் எழுதிய அட்டை. அவசரத்தில் யாருக்கும் பெருக்கல் வராது, அட்டை வேண்டும். அட்ரினலின் வெளிச்சத்திலும் வெயிலிலும் கெடும், ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்து அடிவாரத்திலிருந்து ஏறினால் மேலே போவதற்குள் சூடாகியிருக்கும். ஆம்பூலைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள், நிறமில்லாமல் இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரிந்தால் தேதி பாக்கி இருந்தாலும் குப்பையில் எறிந்துவிடுங்கள், புதியதை வாங்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.